கழலாத நட்டு

சட்டை ஈரமாக இருக்கிறது, ஐயா மன்னிக்க வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் துணி காயாது. என் வீட்டுக்காரி அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுவாள். அப்போதும் காயாது, புகை வாடை ஏறுவதுதான் மிச்சம். பெஞ்சியை நனைக்க வேண்டாம் என்று இதுவரை நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொன்னீர்கள், உட்கார்ந்துவிட்டேன்.

என் கை நடுங்குவதை ரைட்டர் ஐயா பார்த்துக்கொண்டே இருக்கிறார். இது போலீஸைக் கண்டு வந்த நடுக்கம் அல்ல. நெடுநாளாக உண்டு. கையில் ஸ்பேனரைப் பிடித்தால் நின்றுவிடும்.

என் பெயர் சிவனணைந்தபெருமாள். தென்காசி ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மோட்டார் ரிப்பேர் கொட்டகை வைத்திருக்கிறேன். மதுரையில் ஒரு ரயில் பட்டறையில் பிட்டர் வேலை பழகியவன். முகம்மது மீரானின் இரண்டு பஸ்களும் சாயங்காலமானால் என் கொட்டகையில்தான் வந்து நிற்கும். ஒன்றை மீரானே ஓட்டினான். மற்றதைச் சங்கிலிப்பாண்டி ஓட்டினான். இரண்டு பேரும் இன்று இல்லை. அதைப் பற்றிச் சொல்லத்தான் நானாக நடந்து வந்திருக்கிறேன்.

முன்பெல்லாம் எனக்குப் பயம் இருந்ததில்லை. அது வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு லாரியில் திரும்பி வந்த அன்றைக்கு வந்தது. டிரைவர் இடது பக்கம் ஒடித்தார். லாரி நேராகப் போயிற்று. மறுபடி ஒடித்தார். ஸ்டியரிங் அவர் கையில் பம்பரம்போலச் சுற்றியது. லாரி அதன்பாட்டுக்கு நேராகப் போய் வயலில் இறங்கிச் சேற்றில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சிரித்தார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். என்னால் மட்டும் கீழே இறங்க முடியவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் தண்டை ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருக்கும். அது எங்கேயோ வழியில் கழன்று விழுந்திருந்தது. நெல்லிக்காய் அளவு இரும்பு. அதை நம்பி நாங்கள் பேசிக்கொண்டும் வெற்றிலை போட்டுக்கொண்டும் போய்க்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு எனக்குக் காது மாறிவிட்டது. ரயில் கடந்து போனால் வீட்டுக் கதவின் கீல் அதிர்வது கேட்கும். கிணற்று ராட்டினத்தின் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் இறைக்க விடுவேன். பக்கத்து வீட்டுத் தொட்டிலின் கொக்கியைப் பார்க்கப் போய், பிள்ளை பெற்றவள் என்னைத் திட்டி அனுப்பினாள். என் வீட்டுக்காரி உச்சிமாகாளி ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு, "என்னத்துக்கு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாக்குதீய? உங்களப் பாத்தா எனக்குல்லா பயமா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். பயம் அவளுக்கும் வந்தது ஒரு விதத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நட்டு ஏன் கழல்கிறது என்று ஐயாவுக்குத் தெரிந்தால்தான் மற்றது விளங்கும். போல்ட்டின் மரை என்பது ஒரு கம்பியைச் சுற்றிச் சுற்றி ஏறும் மலைப்பாதை. நட்டு அதில் ஏறி நிற்கிறது. இறுக்கிவிட்டால் இரும்பும் இரும்பும் கவ்விக்கொள்ளும்; அதனால் சரிவில் இறங்காது. ஆனால் வண்டி ஓடும்போது குலுக்குகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தக் கவ்வல் இமைப்பொழுது விடுகிறது. அந்த இமைப்பொழுதில் நட்டு ஒரு மயிரிழை இறங்குகிறது. மறுபடி கவ்வுகிறது, மறுபடி விடுகிறது. யாரும் திருக வேண்டாம், யாரும் தொட வேண்டாம். குலுக்கிக்கொண்டே இருந்தால் போதும். எவ்வளவு இறுக்கிய நட்டும் ஒருநாள் இறங்கி வந்துவிடும்.

சீமை வண்டிகளில் இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நட்டின் தலையில் பள்ளங்கள் இருக்கும். போல்ட்டில் ஒரு துளை இருக்கும். பள்ளத்தின் வழியாகத் துளைக்குள் இரண்டு கால் உள்ள ஒரு கம்பியை நுழைத்து நுனியை மடக்கிவிடுவார்கள். பின் என்று சொல்லுவோம். எனக்கு அந்தப் பின்னைக் கண்டால் பிடிக்காது. அது நட்டைக் கழலாமல் செய்வதில்லை. கழன்ற நட்டு விழாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு வளைந்த கம்பியில் ஒரு பஸ் நிறைய உயிர்கள்.

நான் செய்தது வேறு. நட்டின் வாயில் உட்பக்கமாக வட்டப் பள்ளம்போல ஒரு காடி கடைந்து, எண்ணெயில் ஊறிய எருமைத்தோல் வளையம் ஒன்றை அதில் அழுத்தி வைத்தேன். தோலில் மரை கிடையாது. போல்ட்டு தானே தோலுக்குள் வழி பதித்துக்கொண்டு ஏற வேண்டும். தோல் அதைச் சுற்றிலும் நெரித்துப் பிடித்துக்கொள்ளும். குலுக்கலில் இரும்பு விட்டாலும் தோல் விடாது. இதை ஒரு பழைய ஆயில் என்ஜினின் அடிச்சட்டத்தில் மாட்டிக் குலுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் மாட்டிய சாதா நட்டு மத்தியானத்துக்குள் தரையில் கிடந்தது. என் நட்டு அசையவில்லை. அன்றைக்கு வெயில் கல்லைப் பிளந்தது. சித்திரை மாதம்.

மீரானிடம் காட்டினேன். அவன் எதையும் அதிகம் யோசிக்கிறவன் அல்ல. நம்பினால் நம்புவான்.

"ஏ பெருமாளு, நீரு மாட்டும்வே. உம்ம கை பட்டது என்னைக்கு மோசம் போயிருக்கு?" என்றான்.

சங்கிலிப்பாண்டி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணாச்சி, என் வண்டிய அந்தக் கம்பியே பாத்துக்கிடும். உங்க தோல மொதலாளி வண்டில மாட்டுங்க. செருப்பு தேஞ்சா எடுத்து அதுக்கும் தச்சுக்கிடலாம்" என்று சொல்லிச் சிரித்தான். கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஐயா. இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

மீரானின் பஸ்ஸில் முன்சக்கரத்துக்குப் போகும் தண்டின் பழைய போல்ட்டை எடுத்துவிட்டு, துளை இல்லாத புதுப் போல்ட்டு போட்டு என் நட்டை மாட்டினேன். துளை இருந்தால் பின்னுக்கு இடம் இருக்கும். பின்னுக்கு இடம் இருந்தால் என் நட்டின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகும்.

வைகாசி முழுக்க வண்டி ஓடியது. வீரகேரளம்புதூர் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நட்டு இம்மி நகரவில்லை. நாலு பேருக்கு விஷயம் தெரிந்தது. மோட்டார் சாமான் வியாபாரி முத்துக்குமாரசாமி பிள்ளை திருநெல்வேலியிலிருந்து ஆள் சொல்லி அனுப்பினார். ஐரோப்பாவில் சண்டை மூளும்போல் இருக்கிறது, மூண்டால் சீமைச் சாமான் வராது, சாரல் முடிவதற்குள் நேரில் வந்து இரண்டு பஸ்களையும் வைத்துப் பார்க்கிறேன், நன்றாக இருந்தால் பட்டணத்துக்குக் கொண்டுபோய் உரிமை பதிவு செய்யலாம் என்று. அந்த வைகாசியில் என் கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

பிறகு சாரல் வந்தது.

இரண்டு பஸ்களும் குற்றாலத்துக்கு ஓடின. நாள் முழுக்கத் தூறல், சக்கரம் அடிக்கிற சேற்றுத் தண்ணீர், ஆட்கள் நனைந்த துணியோடு ஏறி இறங்குவது. ஒரு சாயங்காலம் மீரானின் வண்டிக்கு அடியில் படுத்து என் நட்டைத் தொட்டேன். விரலோடு வந்தது.

வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். மேலே மீரான் யாரிடமோ அருவியில் கூட்டம் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். புதுத் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்; புதுச் செருப்பும் முதலில் அப்படித்தானே. அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் சாயங்காலமும் விரலோடு வந்தது. மறுநாளும் இறுக்கினேன். வளையத்தை மாற்றினேன். அடுப்பில் வாட்டிப் போட்டேன், மெழுகு தடவிப் போட்டேன். காலையில் கல்லாக இருக்கும். சாயங்காலம் ஊறிய புளிபோல் இருக்கும். ஆகவே தினமும் வண்டி வந்து நின்றவுடன் முதல் காரியமாக அடியில் போய் இறுக்கிவிடுவேன். யாருக்கும் தெரியாது. ஒரு நட்டுக்குத் தினமும் கொஞ்சம் கவனிப்பு வேண்டும் என்றால் அது குறை ஆகாது. பசுவுக்கும் தினமும் தீனி போடுகிறோம்.

பழைய போல்ட்டை எடுத்து மாட்டி, பின்னைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். ஒரு மத்தியானத்து வேலை. பழைய போல்ட்டு என் மேஜை டிராயரில்தான் இருந்தது. எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த நாட்களில் என்னை அதிகம் பயமுறுத்தியது மீரானின் வண்டி அல்ல. சங்கிலிப்பாண்டியின் வண்டி. அதற்கு அடியிலும் தினமும் போய்ப் பார்ப்பேன். மழையாவது, சேறாவது, அந்தக் கம்பி அப்படியே இருந்தது. துருகூடச் சரியாகப் பிடிக்கவில்லை. முத்துக்குமாரசாமி பிள்ளை வரும்போது இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். ஒன்று விரலோடு வரும், ஒன்று வராது. சங்கிலிப்பாண்டி சிரிப்பான். அதோடு போகட்டும். ஆனால் ஊர் என்ன முடிவுக்கு வரும்? கம்பி போதும் என்ற முடிவுக்கு. இன்னும் நூறு வருஷத்துக்கு மனிதர்கள் ஒரு கம்பியை நம்பி மலையேறுவார்கள். எத்தனை வண்டி, எத்தனை வளைவு. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கம்பி ஒரு பொய். பொய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியப்படுத்துவதுதான் இரக்கம் என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளை வருவதாகச் சொன்ன அன்று காலையில், வண்டி புறப்படும் முன்பு, சங்கிலிப்பாண்டி டீ குடிக்கப் போனான். நான் அவன் வண்டிக்கு அடியில் போய்ப் பின்னை மட்டும் உருவினேன். வேறொன்றும் செய்யவில்லை. சாயங்காலம் வண்டி வரும்போது நட்டு இரண்டு சுற்றாவது இறங்கியிருக்கும், பிள்ளைக்குக் காட்டலாம் என்பது என் கணக்கு. சாயங்காலம்வரை தாங்கும் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே சோதனை.

வண்டிக்கு ஆட்கள் ஏறினார்கள். முப்பிடாதியம்மாள் பூக்கூடையோடு வந்தாள். குற்றாலத்தில் கோயில் வாசலில் பூ விற்கிறவள். நான் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறவன் என்பதால் என்னைக் கேட்காமல் எந்த வண்டியிலும் ஏற மாட்டாள்.

"ஏ பெருமாளு, வண்டி நல்லாருக்கா? ஏறட்டா?"

"ஏறுங்க அக்கா."

"நீ சொன்னாச் சரிதான்" என்று ஏறி, முன்னால் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. அப்போது எனக்குத் திடீரென்று பயம் அடித்தது. கையைத் தூக்கினேன், நிறுத்தத்தான். முப்பிடாதியம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்து, நான் வழியனுப்புவதாக நினைத்துத் தானும் கையை ஆட்டினாள். நான் கையைக் கீழே போடாமல் வண்டி திரும்பும்வரை நின்றேன். சங்கிலிப்பாண்டி ஆரன் அடித்துவிட்டுப் போனான்.

மேலகரம் தாண்டி வாய்க்கால் பாலத்து வளைவில் அது நடந்தது. வாய்க்கால் கரைபுரண்டு ஓடியது. பஸ் வளைவில் திரும்பவே இல்லை, நேராகப் போய் இறங்கியது என்று பின்னால் மாட்டுவண்டியில் வந்தவர் சொன்னார். செத்தவர்களின் பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. நான் மறுபடி சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ரைட்டர் ஐயா இப்போது வாசித்ததில் 'பின்னை மட்டும் உருவினேன்' என்று இருக்கிறது. நான் அப்படித்தான் சொன்னேன். திருத்திக்கொள்ளுங்கள். நட்டையும் கொஞ்சம் தளர்த்தினேன். அரைச் சுற்று. ஒரு சுற்றும் இருக்கலாம். அது நெடுநாளாக அழுக்கேறி இறுகியிருந்தது. ஒரே நாள் பாதைக் குலுக்கல் மட்டும் அதை இறக்கிவிடாது. பிள்ளை ஒரு நாள்தான் தங்குவதாக இருந்தார்.

அன்றைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி என்னிடமே கேட்டார், நீ மோட்டார் தெரிந்தவன், என்ன ஆகியிருக்கும் என்று. பின் துருப்பிடித்து ஒடிந்திருக்கும் என்றேன். பின் என் சட்டைப் பையில் இருந்தது. அவர் தலையாட்டினார். மீரான் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான்.

"நீரு படிச்சுப் படிச்சுச் சொன்னீரே பெருமாளு. நான் அந்தப் பய பேச்சக் கேட்டு அப்படியே விட்டுட்டேனே. என்னாலதான்வே எல்லாம் போச்சு."

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். அப்போது சொல்லியிருக்கலாம். அவன் சொன்னது காதில் விழுந்ததும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது: கடைசியில் இவனுக்கும் புரிந்துவிட்டது என்று.

அதற்குப் பிறகு ஊரே பயந்தது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எந்த நட்டு என்று கேட்டார்கள். இலஞ்சியிலிருந்து ஒரு மிராசுதார் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, உன் நட்டைப் போடு என்றார். செக்கு வைத்திருக்கிறவர் லாரியைக் கொண்டுவந்தார். கொட்டகை வாசலில் வரிசையாக நின்றார்கள். எல்லோருடைய முகமும் என் முகம்போல் இருந்தது. நெடுநாளுக்குப் பிறகு நான் தனியாகப் பயப்படவில்லை. முத்துக்குமாரசாமி பிள்ளை வந்து, மீரானின் வண்டியில் இருந்த நட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் இறுக்கியிருந்தேன். "கல்லு மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பட்டணத்துக்குக் கொண்டுபோக இரண்டு நட்டுகள் வாங்கிக்கொண்டார்.

மீரானின் வீட்டுக்காரி ஹைருன் பீவி ஒருநாள் பலகாரம் கொண்டுவந்து உச்சிமாகாளியிடம் கொடுத்தாள். கொட்டகைப் பக்கம் வந்து கதவோரம் நின்றுகொண்டு, "அண்ணே, இவுக வண்டில உங்க நட்டுதான கெடக்கு? அது ஒண்ணு போதும் எனக்கு. இப்பத்தான் நிம்மதியா ஒறங்குதேன்" என்றாள். நான் ஆமாம் என்றேன். அன்று சாயங்காலம் இறுக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகவே வந்தது.

காரையும் லாரியையும் ஏதோ சாக்குச் சொல்லி அடிக்கடி வரவழைத்து இறுக்கினேன். வேலை கூடிக்கொண்டே போயிற்று. பயமும் கூடிக்கொண்டே போயிற்று. தூரத்தில் ஆரன் கேட்டால் எழுந்து நிற்பேன். ஆனால் சாயங்காலம் மீரானின் வண்டி வந்துவிட்டால் போதும்; அடியில் போய் ஸ்பேனரைப் போட்டால் கை நின்றுவிடும்.

நேற்று வண்டி வரவில்லை.

மலையில் மழை. பெரிய அருவியில் வெள்ளம் வந்து யாரையும் குளிக்க விடவில்லை. கூட்டம் முழுக்க ஐந்தருவிக்குப் போகிறது, ஆகவே மீரான் வண்டியை அங்கேயே போட்டு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான், வண்டி அங்கனதான் நிற்கும், நாளைக்கு வருவான் என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஐந்தருவிப் பாதையின் இறக்கம் உங்களுக்குத் தெரியும். நான் கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உச்சிமாகாளி சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை. அவள் வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஏன் இப்படி நடுங்குதீய? மீரான் அண்ணன் வண்டில உங்க நட்டுதான கெடக்கு? பொறவு என்ன பயம்?"

உடனே குற்றாலத்துக்குப் போயிருக்கலாம். அது பெரிய தூரமா? வாசல்வரை போனேன். எல்லோருக்கும் முன்னால் அடியில் படுத்து இறுக்கினால் என்ன நினைப்பார்கள் என்று திரும்பி வந்துவிட்டேன். விடியும்வரை கூரையில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோல் ஊறிக்கொண்டிருக்கும் என்று தெரியும்.

விடிந்ததும் ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தேன். குற்றாலம் கடைத்தெருவில் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் மணையைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவிப் பக்கமிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். நான் அவர்கள் வந்த பக்கம் ஓடினேன்.

பஸ் இறக்கத்தில் பாறைகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. ஆட்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீரான் ஸ்டியரிங்குக்கும் ஸீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். உயிர் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டான்.

"பெருமாளு, வந்துட்டீரா. இத எடும்வே. மூச்சு முட்டுது."

என் கையில் ஸ்பேனர் இருந்தது. ஸ்டியரிங் தண்டின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் அவனை எடுத்திருக்கலாம். கொஞ்ச நேர வேலை. நான் முதலில் வண்டிக்கு முன்பக்கம் குனிந்து பார்த்தேன். நட்டு இல்லை. போல்ட்டு மட்டும் வெறுமனே நின்றது. யாராவது பார்ப்பதற்குள் அதைத் தேட வேண்டும் என்று தோன்றியது. பாதையில் மேலே ஏறிப் போனேன். அவன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வளைவுக்குச் சற்று முன்னால், சக்கரத் தடத்துத் தண்ணீரில் கிடந்தது. தோல் வளையம் பிதுங்கி, மென்று துப்பிய வெற்றிலைபோல் வெளியே தொங்கியது. எடுத்துப் பாதையோரம் ஓடிய ஆற்றில் எறிந்தேன். திரும்பி வரும்போது கூப்பிடும் சத்தம் இல்லை. அவனை வெளியே எடுத்துத் துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள்.

ஹைருன் பீவிக்குச் சொல்ல ஆள் போயிருந்தது. நான் அந்த வழியாகப் போகாமல் வயல் வழியாக நேராக இங்கே வந்தேன்.

மீரானின் வண்டியிலும் நான் கைவைத்தேன் என்றதும் நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்: "நேத்து பூரா நீ தென்காசியிலதான இருந்திருக்க. குத்தாலத்துக்கே போகலியே. அந்த வண்டிய நீ எப்படிவே தொட்டிருக்க முடியும்?" என்று. நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரியும் நான் வீட்டைவிட்டு நகரவில்லை என்றுதான் சொல்லுவாள். அவளை நம்ப வேண்டாம். அவளுக்கு என்மேல் பிரியம்.

சங்கிலிப்பாண்டியின் வண்டிக்கு நான் செய்ததை ஒத்துக்கொண்டேன். ஆகவே இதையும் நம்புவதில் உங்களுக்குக் கஷ்டம் இருக்காது. தூக்கில் போடுவீர்கள் என்று தெரியும். அதை நினைத்தால் எனக்குப் பெரிதாகப் பயம் இல்லை. பட்டணத்தில் பிள்ளை அந்த இரண்டு நட்டுகளையும் நாலு பெரிய மனிதர்கள் முன்னால் வைத்திருப்பார். இங்கே இப்படி ஒன்று தானாகக் கழன்றது என்று அவர் காதுக்குப் போவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இலஞ்சி மிராசுதார் காரிலும் அதுதான் இருக்கிறது, லாரியிலும் அதுதான். அவர்கள் ஓட்டட்டும். அவர்களைப் பயமுறுத்த வேண்டாம்.

ரைட்டர் ஐயா, இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லுகிறபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முகம்மது மீரானின் பஸ்ஸில் இருந்த நட்டை நானே, என் கையால், ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினேன். அது தானாகக் கழலவில்லை.